டேட்டா.ஃப்ரேம், டிபிள், டேட்டா.டேபிள்: ஆர் மொழியில் அட்டவணைக்கு எதை எடுப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியறையில் சனிக்கிழமை மாலைகளில், தரவுக் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆர் சொல்லித் தருகிறேன். ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்து நின்றார்கள்.

முதல் ஆள் கல்லூரிப் பையன், காசிமேட்டுக்காரன். சித்தப்பாவின் ஏல நோட்டைக் கணினியில் ஏற்றி புராஜெக்ட் செய்கிறான். இரண்டு வருடக் கணக்கு, சில ஆயிரம் வரிகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அந்த 61 நாள் பக்கங்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான். அடுத்தவர் மணலி அக்கா ஒருவர். காற்றுத் தர அளவீட்டு நிலையத்தின் எண்களை இறக்கி வைத்திருக்கிறார். கால் மணி நேரத்துக்கு ஒரு வரி, நாளுக்கு 96, வருடத்துக்கு 35,040. மூன்றாமவர் எண்ணூர் சாலைப் பக்கம் டிரெய்லர் லாரிகளின் கணக்கைப் பார்க்கிறவர். நூறு வண்டி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஜிபிஎஸ் பதிவு. ஒரு நாளைக்கு 2,88,000 வரிகள். எக்செல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. நான்காம் நாளே தாள் நிரம்பிவிடும். அதனால்தான் ஆர் பக்கம் வந்தார்.

மூவரும் கேட்டது: "யூடியூப்ல ஒருத்தர் இது நல்லதுன்றார், இன்னொருத்தர் அது நல்லதுன்றார். நாங்க எதைக் கத்துக்கிறது?" இது, அது என்றது ஆரில் அட்டவணையை வைத்து வேலை செய்யும் மூன்று கருவிகளை: டேட்டா.ஃப்ரேம், டிபிள், டேட்டா.டேபிள்.

எழுதும்போது ஒரு சௌகரியத்துக்காக ரோ என்பதை வரி என்றும், காலம் என்பதைப் பத்தி என்றும் எழுதுகிறேன். காலம் என்றே எழுதினால் பாதிப் பேர் நேரம் என்று படித்துவிடுவீர்கள்.

## ஏன் மூன்று இருக்கின்றன

ஆர் மொழிக்கு முன்னோடி எஸ் என்ற மொழி. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கியது. அதன் வழியில் 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை உருவாக்கினார்கள். டேட்டா.ஃப்ரேம் எஸ் காலத்திலேயே வந்துவிட்ட சொத்து. ஆரை நிறுவினாலே கூடவே வரும்.

பெரிய கோப்புகளில் அது திணறியதால் மேட் டவுல் 2006-இல் டேட்டா.டேபிளை வெளியிட்டார். எழுதுவதும் படிப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்று ஹாட்லி விக்கம் 2014-இல் டீப்ளையர் என்ற தொகுப்பை (ஆரோடு கூடுதலாக நிறுவிக்கொள்ளும் கட்டளைத் திரட்டு) கொண்டுவந்தார். அதோடு சேர்ந்து புழங்கும் டிபிள் தனித் தொகுப்பாக 2016-இல் வந்தது. வெளியே எதிரிகள் மாதிரி பேசினாலும் உள்ளே கொடுக்கல் வாங்கல் உண்டு. டேட்டா.டேபிள்காரர்கள் எழுதிய வேகமான வரிசைப்படுத்தும் முறையை 2016-இல் ஆர் 3.3.0 தன் சொந்த வீட்டுக்கே எடுத்துக்கொண்டது.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் கேட்பது வேகம். பத்தாயிரம் வரிகளுக்கு வேகம் ஒரு விஷயமே இல்லை. மூன்றுமே கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடும். பத்து லட்சம் தாண்டும்போதுதான் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

நான் முதலில் கேட்பது, அட்டவணையில் காலி இடங்கள் எவ்வளவு என்பது. நோட்டில் எழுத மறந்தது, கருவி நின்றுபோனது, சிக்னல் கிடைக்காதது என்று நம் ஊர்க் கணக்கில் ஓட்டைகள் இல்லாமல் இருக்காது. ஓட்டையைக் கண்டால் கருவி சத்தம் போடுகிறதா, சத்தமில்லாமல் விழுங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், நீங்கள் எழுதியதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்? எத்தனை வருடம் அது ஓட வேண்டும்? கடைசியாக, உங்கள் கணினியின் நினைவகம் எவ்வளவு, இணையம் எப்படி?

| | டேட்டா.ஃப்ரேம் | டிபிள் + டீப்ளையர் | டேட்டா.டேபிள் |
|---|---|---|---|
| நிறுவுதல் | தேவையில்லை | பல துணைத் தொகுப்புகள் கூடவே இறங்கும் | ஒன்றே ஒன்று, வேறு தொகுப்பைச் சாராது |
| திரையில் காட்டுவது | கொட்டித் தீர்க்கும் | முதல் 10 வரிகள், பத்தியின் வகையோடு | 100 வரிகள் தாண்டினால் முதல் 5, கடைசி 5 |
| காலி இடங்கள் | பல இடங்களில் சத்தமில்லாமல் விழுங்கும் | கூட்டலில் சத்தம் போடும் | கூட்டலில் சத்தம் போடும் |
| படிக்க | சுமார் | எளிது | பழகினால் எளிது |
| பெரிய கோப்பு | திணறும் | பரவாயில்லை | இதற்காகவே பிறந்தது |
| பழைய நிரல் ஓடுமா | ஓடும் | திருத்த வேண்டி வரலாம் | பெரும்பாலும் ஓடும் |

## டேட்டா.ஃப்ரேம்: கூடவே வந்த சொத்து

பையனின் நோட்டிலிருந்து ஒரு நாள் கணக்கை, வகுப்புக்காகச் சுருக்கி எழுதினேன்.

| படகு | மீன் | எடை (கிலோ) | தொகை (ரூ.) |
|---|---|---|---|
| 1 | சங்கரா | 60 | 15,000 |
| 1 | நெத்திலி | 80 | (காலி) |
| 2 | வஞ்சிரம் | 25 | 20,000 |
| 2 | நெத்திலி | (காலி) | 4,500 |
| 3 | கடம்பா | 40 | 12,000 |

படகுவாரியாக எடையையும் தொகையையும் கூட்டச் சொன்னேன். அவன் அக்ரிகேட் என்ற கட்டளையை எடுத்து, எடை, தொகை இரண்டையும் சேர்த்து, நடுவில் அலைக்குறி (~) போட்டு, படகு என்று எழுதினான். பதில் உடனே வந்தது: முதல் படகு 60 கிலோ, இரண்டாவது 25, மூன்றாவது 40. மொத்தம் 125.

நோட்டில் தெரிந்த எடைகளை மட்டும் கையால் கூட்டினாலே 205 வருகிறது. 80 கிலோ நெத்திலி எங்கே போனது? அந்த வரியில் தொகை காலி. அலைக்குறி முறையில் அக்ரிகேட் ஒரு வரியில் எந்தப் பத்தி காலியாக இருந்தாலும் அந்த வரியையே தூக்கிப் போட்டுவிடும். எச்சரிக்கை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது. நாலாவது வரியில் 4,500 ரூபாயும் அப்படியே போயிற்று. ஒரு படகின் எல்லா வரிகளிலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்தப் படகே விடையில் இருக்காது. சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பையன் தலையில் கை வைத்தான்.

அதே அட்டவணையில் பத்தாயிரத்துக்கு மேல் போன ஏலம் எத்தனை என்று சதுர அடைப்புக்குள் நிபந்தனை போட்டுப் பாருங்கள். மூன்று வர வேண்டும். டேட்டா.ஃப்ரேம் நான்கு வரிகள் கொடுக்கும். அதில் ஒரு வரி முழுக்கக் காலி. காலியான தொகையைப் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது', அந்தத் 'தெரியாது'வும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகளை எண்ணினால் கணக்கு தப்பு. சப்செட் என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பழக்கம், பத்தியைப் பெயர் சொல்லி எடுக்கும் டாலர் ($) குறியில். பத்தியின் பெயர் 'எடை_கிலோ' என்று இருக்க, நீங்கள் 'எடை' என்று மட்டும் எழுதினாலும் அதுவே ஊகித்து எடுத்துக்கொடுக்கும். வசதிதானே என்று தோன்றும். அடுத்த மாதம் 'எடை_திருத்தம்' என்று இன்னொரு பத்தி சேர்த்தீர்கள் என்றால் ஊகம் குழம்பி, வெறுமை திரும்பி வரும். வெறுமையைக் கூட்டினால் பூஜ்யம். பிழைச்செய்தி இல்லாமல் மொத்த எடை பூஜ்யம் கிலோ.

இவ்வளவு குறை சொன்னாலும் இதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். இதில் பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய நிரல்கள் இன்றும் ஓடுகின்றன. எனக்குத் தெரிந்து கடித்த ஒரே பெரிய மாற்றம் 2020 ஏப்ரலில் வந்த ஆர் 4.0.0. அதுவரை எழுத்துப் பத்திகளைத் தானாக ஃபேக்டர் என்ற வகைக்கு (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்பது) மாற்றிக்கொண்டிருந்தது. அதை அன்றோடு நிறுத்தினார்கள், நல்லதுதான். இணையம் இல்லாத கணினி, வேறு எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினி, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்து ஓட்டும் சின்ன நிரல் என்றால் இதுவே போதும்.

## டிபிளும் டீப்ளையரும்: படித்தால் புரியும்

இங்கே எல்லாம் வினைச்சொற்கள். ஃபில்டர் வடிகட்டும், மியூட்டேட் புதுப் பத்தி சேர்க்கும், க்ரூப்_பை பிரிக்கும், சம்மரைஸ் சுருக்கும். நடுவில் குழாய்க்குறி, ஒன்றின் விளைவு அடுத்ததற்குள் போகும். வினை கடைசியில் வரும் தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இது கைக்கு இசைவாகவே இருக்கிறது: மீன் அட்டவணையை எடுத்து, நெத்திலியை மட்டும் வடிகட்டி, படகுவாரியாகப் பிரித்து, எடையைக் கூட்டு. சொல்கிற வரிசையிலேயே எழுதலாம். குழாய் நன்றாக இருக்கிறது என்று 2021-இல் ஆர் 4.1.0 தனக்கே ஒன்று செய்துகொண்டது.

மீன் கணக்கை இதில் போட்டோம். முதல் படகின் எடை 140, தொகை 'தெரியாது'. இரண்டாவதன் எடை 'தெரியாது', தொகை 24,500. பையனுக்கு ஏமாற்றம். "என்ன அண்ணா, பதிலே வரலையே?" பதில் வந்திருக்கிறது, தம்பி. நோட்டில் ஓட்டை இருக்கிறது என்பதுதான் பதில். காலியை விட்டுவிட்டுக் கூட்டு என்று நாமாகச் சொன்னால் 140, 25, 40 என்று 205 வருகிறது. விடுவதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருக்கிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

ஃபில்டர் மட்டும் காலி வரிகளைப் பேசாமல் விட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இல்லாத பத்தியை டாலர் போட்டுக் கேட்டால் டிபிள் எச்சரிக்கும்; ஊகிக்காது.

மறைந்த செலவு முதலில் நிறுவும்போது தெரியும். டிபிள், டீப்ளையர் எல்லாம் அடங்கிய டைடிவெர்ஸ் குடும்பம் முழுவதையும் கேட்டால் டஜன் கணக்கில் தொகுப்புகள் வரிசையாக இறங்கும். மொபைல் டேட்டாவில் வகுப்புக்கு வந்த ஒருவருக்கு அன்றைய ஒதுக்கீடு அதிலேயே தீர்ந்தது. டீப்ளையர் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் கேளுங்கள். இரண்டாவது செலவு, கட்டளைகள் மாறுவது. பல பத்திகளை ஒன்றாக மாற்றும் பழைய கட்டளைகளை ஓரங்கட்டி 2020-இல் டீப்ளையரின் 1.0.0 பதிப்பு அக்ராஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய பாடங்களில் படித்தவர்கள் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதில் மணலி அக்கா மாட்டினார். மாதம், மணி என இரண்டாகப் பிரித்து நுண்துகள் சராசரி எடுத்தார். அதில் மிக மோசமான ஐந்து மணி நேரங்களைக் கேட்டார். வந்தவை 60 வரிகள். இரண்டு பத்திகளால் பிரித்துச் சுருக்கினால் கடைசிப் பிரிவு மட்டும் கலைகிறது. மாதப் பிரிவு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் மாதத்துக்கு ஐந்து வீதம் பன்னிரண்டு மாதத்துக்கும் கொடுத்தது. முடிந்ததும் பிரிவைக் கலைக்கும் அன்க்ரூப் போட வேண்டும், அல்லது 2023-இல் 1.1.0 பதிப்போடு வந்த புள்ளி-பை என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது ஒரு கட்டளைக்கு மட்டும் பிரித்துவிட்டுக் கலைந்துவிடும்.

அக்காவின் அட்டவணையில் வேறொன்றையும் கவனித்தோம். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நாள் 41 என்று வந்திருந்தது, நல்ல நாள் போல. எண்ணிப் பார்த்தால் 96-இல் 19 அளவீடுகள்தான் இருந்தன, எல்லாம் மத்தியானத்தவை. காலியை விட்டுவிடு என்று சொன்னதன் விளைவு இது. தேசியக் காற்றுத் தரக் குறியீட்டுக்குக் குறைந்தது 16 மணி நேர அளவீடு வேண்டும் என்பது விதி. அதாவது 64 வரிகள். இப்போது அவர் சராசரிக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கைப் பத்தியும் வைக்கிறார். எந்தக் கருவியை எடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

## டேட்டா.டேபிள்: பெரிய சுமைக்கு

இதன் இலக்கணம் ஒரு சதுர அடைப்புக்குள் அடங்கிவிடும், மூன்று இடங்கள், நடுவில் காற்புள்ளிகள்: எந்த வரிகள், என்ன செய்ய, எதன்படி பிரிக்க. மேலே நான்கு அடியில் சொன்ன நெத்திலிக் கணக்கு இங்கே ஒரே அடியில் முடியும். புதிதாகப் பார்ப்பவருக்குக் கல்வெட்டு மாதிரி இருக்கும். ஒரு மாதம் பழகினால் விரல் தானாக ஓடும். காலி இடங்களில் குணம் டீப்ளையர் மாதிரிதான்.

டிரெய்லர் நண்பருக்கு 35 நாள் சேர்ந்தால் ஒரு கோடி வரிகள். எண் பத்திகள் பத்து என்று வைத்தால், எண்ணுக்கு 8 பைட் வீதம் 800 மெகாபைட். ஆர் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். மற்ற இரண்டிலும் வரிசைப்படுத்தினால் இன்னொரு 800 மெகாபைட் புதிதாகப் பிறக்கும். 4 ஜிபி மடிக்கணினி மூச்சுவாங்கும். டேட்டா.டேபிளின் செட்ஆர்டர் இருந்த இடத்திலேயே மாற்றி அடுக்கும். கோப்பைப் படிக்க எஃப்ரீட் என்ற கட்டளை. வழக்கமான கட்டளையை ஓட்டிவிட்டு அவர் கீழே போய் டீ குடித்து வருவார். எஃப்ரீடுக்கு மாறியபின் நாற்காலியை விட்டு எழ நேரமில்லை.

இதன் மறைந்த செலவை நானே கட்டியிருக்கிறேன். பல வருடம் முன் ஒரு கிடங்குக்குக் கணக்குப் போட்டபோது, மூல அட்டவணையைப் பத்திரமாக வைக்கலாம் என்று அதை அம்புக்குறியால் வேறொரு பெயருக்கு மாற்றிவைத்தேன். பிறகு வேலை செய்யும் அட்டவணையில் முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := போட்டு எடையை டன்னிலிருந்து கிலோவாக்கினேன். சந்தேகம் வந்து 'பத்திர' அட்டவணையைத் திறந்தால் அதிலும் கிலோ. இரண்டு பெயர், ஒரே அட்டவணை. ஒரே ஆளுக்கு வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர் இருப்பது போல. இருந்த இடத்திலேயே மாற்றுவதுதான் இதன் வேகத்துக்குக் காரணம், அதேதான் இந்தக் குழியும். காப்பி என்று வெளிப்படையாக எழுதினால்தான் தனி நகல் கிடைக்கும். அன்று மாலை மூலக் கோப்பு அழியாமல் இருந்ததால் பிழைத்தேன்.

லாரிக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. இ-வே பில் எண் 12 இலக்கம். எஃப்ரீட் அதைப் பெரிய முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். பிட்64 என்ற தொகுப்பு இல்லையென்றால் திரையில் விசித்திரமான தசமக் குப்பையாகத் தெரியும். அந்தப் பத்தியை எழுத்தாகப் படி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்னால் பூஜ்யம் உள்ள ரசீது எண்களுக்கும் இதே வைத்தியம்தான், இல்லாவிட்டால் பூஜ்யம் உதிர்ந்துவிடும். வழக்கமான படிக்கும் கட்டளையிலும் அப்படியே.

## தமிழில் தலைப்பு, தமிழில் மீன் பெயர்

இது மூன்றுக்கும் பொது. விண்டோஸில் பழைய ஆர் வைத்திருப்பவர்களுக்கு 'வஞ்சிரம்' என்று எழுதியது திரையில் கூட்டல்குறியும் எண்ணுமாகச் சிதறித் தெரியும். தொகுப்பை மாற்றித் தீராது. 2022 ஏப்ரலில் வந்த ஆர் 4.2.0 முதல், விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டு முறை நேரடியாக வேலை செய்கிறது. ஆரைப் புதுப்பியுங்கள், அவ்வளவுதான்.

## கலந்து அடிக்கலாமா

அடிக்கலாம், அளவோடு. டிபிளும் டேட்டா.டேபிளும் உள்ளே டேட்டா.ஃப்ரேம்தான். எஃப்ரீடில் படித்து டீப்ளையரில் வேலை செய்வது பலரின் வழக்கம், என்னுடையதும். டீப்ளையர் நடையில் எழுதினால் டேட்டா.டேபிளாக மொழிபெயர்த்து ஓட்டும் டீடீப்ளையர் என்ற தொகுப்பும் உண்டு. இரண்டையும் ஒன்றாக ஏற்றும்போது ஃபர்ஸ்ட், லாஸ்ட், பிட்வீன் ஆகிய பெயர்கள் இரண்டிலும் இருப்பதைக் கவனியுங்கள். கடைசியாக ஏற்றியது முன்னதை மறைக்கும். நினைவகத்துக்கே அடங்காத கோப்பு என்றால் மூன்றும் உதவாது, டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் பக்கம் போங்கள். அது வேறு கதை.

## மூவருக்கும் நான் சொன்னது

பையனுக்கு டீப்ளையர். அவன் நிரலை வழிகாட்டிப் பேராசிரியர் படிக்க வேண்டும். நோட்டில் ஓட்டைகள் நிறைய. ஆனால் முதல் இரண்டு வாரம் டேட்டா.ஃப்ரேமிலேயே ஓட்டச் சொன்னேன். சதுர அடைப்பும் டாலரும் தெரியாமல் மேலே போனால் பிழைச்செய்தி வரும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

அக்காவுக்கும் டீப்ளையர், அன்க்ரூப் என்று மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டோடு. வருடத்துக்கு 35,040 வரிகளுக்கு டேட்டா.டேபிளின் வேகம் தேவையில்லை. அவர் குடியிருப்போர் சங்கத்தில் மற்றவர்களுக்கும் நிரலைக் காட்டுகிறார். படித்தால் புரிய வேண்டும்.

டிரெய்லர் நண்பருக்கு டேட்டா.டேபிள், யோசனையே இல்லாமல். அவர் ஒருவரே எழுதி ஒருவரே படிக்கிறார், கணினியும் பழசு. போன வாரம் வந்து, ஒரு லாரி பாதி இரவில் கடலுக்குள் நிற்பதாகக் கணக்கு காட்டுகிறது என்றார். ஜிபிஎஸ் கருவியில் கோளாறா நிரலில் கோளாறா என்று இந்தச் சனிக்கிழமை பார்க்க வேண்டும்.